நகோன் சி தம்மராட்: சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பயணக் கையேடு

நகோன் சி தம்மராட் தாய்லாந்துக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கான ஊர். முதல் முறை போகிறவர் பாங்காக்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு வரட்டும். குழந்தைகளுக்கு சஃபாரி, பெரியவர்களுக்கு ஷாப்பிங் மால் என்று கேட்டால் இந்த ஊரில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கோயில், சிலை, கல்வெட்டு, தோல்பாவை, நாக்கைச் சுடும் சாப்பாடு ஆகியவற்றுக்காக இரண்டு முழு நாள் ஒதுக்க முடியும் என்றால் மேலே படியுங்கள்.

தெற்குத் தாய்லாந்தின் கிழக்குக் கரை மாகாணம் இது. பாங்காக்கிலிருந்து சாலை வழியாகச் சுமார் 780 கிலோமீட்டர். பழைய பெயர் தாம்பரலிங்கம். முதலாம் ராஜேந்திர சோழன் 1025ல் நடத்திய கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் கடாரம், ஸ்ரீவிஜயம் இவற்றோடு 'மாதமாலிங்கம்' என்றொரு பெயர் வருகிறது. அது இந்த ஊர்ப்பக்கம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அதனால் நம் ஆட்களுக்கு இங்கே கண்ணில் படும் விஷயங்கள் மற்ற சுற்றுலாப் பயணிகளுக்குப் படுவதைவிட அதிகம்.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை முழுதாகத் தேடுங்கள். உள்ளூர்க்காரர்கள் 'நகோன்' என்று சுருக்கித்தான் சொல்வார்கள். ஆனால் நகோன் பத்தோம், நகோன் சவான், நகோன் ராச்சசீமா, நகோன் பனோம் என்று அதே பெயரில் தொடங்கும் ஊர்கள் நாடெங்கும் இருக்கின்றன. நகோன் பனோம் லாவோஸ் எல்லையில் இருக்கிறது. மாற்றிப் போட்டுவிட்டால் நாட்டின் மறுகோடிக்குப் போய்விடுவீர்கள். விமான நிலையக் குறியீடு NST.

எப்போது போவது

சென்னைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இந்த ஊருக்கும். தாய்லாந்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். பாங்காக்குக்கும் புக்கெட்டுக்கும் அது சரி, நகோனுக்குப் பொருந்தாது. இங்கே அக்டோபர் கடைசியில் மழை பிடிக்கும், நவம்பரில் கொட்டும், ஜனவரி தொடக்கம் வரை விட்டுவிட்டுப் பெய்யும். 1962 அக்டோபரில் தலும்புக் முனையைத் துடைத்துப்போட்ட ஹாரியட் புயல், 2019 ஜனவரி தொடக்கத்தில் பாக் பனாங்கில் கரை கடந்த பாபுக் புயல் இரண்டும் இந்த மாகாணத்தில்தான். ஆகவே தீபாவளி விடுமுறைக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் இந்த ஊரைத் திட்டமிடாதீர்கள். பொங்கலுக்குப் போகலாம், குடையோடு.

பிப்ரவரியும் மார்ச்சும் மிக நல்ல மாதங்கள். மாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாக பூஜைக்கு இங்கே 'ஹே பா குன் தாட்' திருவிழா நடக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத் துணியை ஊர்வலமாகத் தூக்கி வந்து, பெரிய கோயிலில் உள்ள சேதியத்தை, அதாவது ஸ்தூபியை, சுற்றிக் கட்டுவார்கள். ஏப்ரல் நடுவில் சொங்க்ரான். நாம் சித்திரை முதல் நாள் கொண்டாடும் சமயத்தில் அங்கே தண்ணீர்த் திருவிழா. அதோடு நகோனில் மட்டும் 'ஹே நாங் தான்' என்ற பிராமணச் சடங்கு ஊர்வலத்தையும் சேர்த்து நடத்துகிறார்கள். சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை ஆகிய உருவங்களைச் செதுக்கிய மூன்று பலகைகளைத் தூக்கிக்கொண்டு சிவன் சன்னதிக்குப் போவார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த வாரத்தில் பாங்காக்கில் வேலை பார்க்கும் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்புவார்கள். ரயிலும் விமானமும் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

பள்ளிக் கோடை விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் மே கடைசி வாரம் வரை தள்ளிப்போடுங்கள். அப்போது மங்குஸ்தான் சீசன் தொடங்கும். காலாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கும் ஒரு திருவிழா கிடைக்க வாய்ப்பு உண்டு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் 'சாட் துவான் சிப்' என்பது முன்னோருக்குப் படையல் வைக்கும் பதினைந்து நாள். நம் மஹாளய பட்சத்தின் அதே தேய்பிறை, அதே காரியம். கடைசி நாளில் படையலைத் திடலில் வைத்துவிட்டு, சடங்கு முடிந்ததும் கூட்டம் பாய்ந்து பொறுக்குவதை வேடிக்கை பார்க்கவே தனிக் கூட்டம் வரும்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மூன்று வழி.

விமானம் சுலபம். டான் முவாங் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சிக்கல் எங்கே வரும் என்றால், சென்னையிலிருந்து நீங்கள் வந்த விமானம் சுவர்ணபூமியில் இறங்கியிருந்தால் வரும். இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், நடுவில் ஊர் முழுக்கப் போக்குவரத்து. அதே நாளில் அடுத்த விமான டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. ஆனாலும் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வருவது, பேருந்துக்கான காத்திருப்பு, மறுபடி செக்-இன் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேர இடைவெளி விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக் கம்பெனி பொறுப்பேற்காது. சென்னையிலிருந்தே டான் முவாங் போகும் விமானம் கிடைத்தால் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் அதையே எடுங்கள்.

இரவு ரயில் நிதானமானவர்களுக்கு. 2023 ஜனவரி முதல் தெற்கே போகும் தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. பாங் சூவில் உள்ள குருங் தேப் அபிவாட் முனையத்துக்குப் போக வேண்டும். பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஹுவா லம்போங் போய் ரயிலைக் கோட்டை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாலையிலோ இரவிலோ ஏறினால் மறுநாள் காலை, சில சமயம் முற்பகல். மொத்தம் 15, 16 மணி நேரம்; தாமதமும் சகஜம். இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பரில் கீழ்ப்படுக்கை அகலம் அதிகம், விலையும் அதிகம். ஏசியை எலும்பு வரை குளிரும்படி வைப்பார்கள்; ஒரு சால்வை கையில் இருக்கட்டும். நகோன் நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருப்பது இந்த வழியின் பெரிய லாபம். விமான நிலையம் ஊருக்கு வடக்கே 15 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் அங்கிருந்து வேன் அல்லது டாக்சி பிடிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, கிராபியிலோ புக்கெட்டிலோ இருப்பவர்கள் அங்கிருந்தே மினிவேன் பிடிப்பது. கிராபியிலிருந்து மூன்று மணி நேரம், புக்கெட்டிலிருந்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிக்கு வேனில் இடம் இருக்காது. சில சமயம் அதற்கும் ஒரு சீட் காசு கேட்பார்கள். கேட்டால் நியாயம்தான், கொடுத்துவிடுங்கள்.

நுழைவு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் வசதி வந்தது. இந்த மாதிரிச் சலுகைகள் மாறக்கூடியவை, அதனால் டிக்கெட் போடும் முன் சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் கட்டாயம். தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

எந்தக் கிழமை

இதைச் சரியாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது. தேசிய அருங்காட்சியகம் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும்; மற்ற நாட்களில் 9 மணி முதல் 4 மணி வரை. பெரிய கோயில் வாசலில் நடக்கும் நடைத்தெருச் சந்தை சனிக்கிழமை மாலை. ஆக, வெள்ளி இரவு வந்து சேருங்கள். சனி ஊருக்குள், ஞாயிறு ஊருக்கு வெளியே, திங்கள் கிளம்புங்கள். ஞாயிறு இரவு வந்து புதன் காலை கிளம்பும் திட்டம்தான் ஆக மோசம். விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

ஊரின் நீளம்

நகோன் ஒரு பழைய கடற்கரை மணல் மேட்டின் மேல் வளர்ந்த ஊர். அதனால் வடக்கு தெற்காக நீண்டு, அகலமே இல்லாமல் இருக்கும். நம் அண்ணா சாலை மாதிரி ராச்சதம்னோன் சாலை ஒன்றே முதுகெலும்பு. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை அதன் இரு புறமும் இருக்கின்றன. வடக்கே ரயில் நிலையமும் கடைத்தெருவும். தெற்கே வர வர முதலில் நா முவாங் திடலும் நகர்த் தூண் சன்னதியும், அடுத்து அகழியோரம் மிச்சமிருக்கும் கோட்டைச் சுவர், பிறகு சிவன், விஷ்ணு சன்னதிகள், அப்புறம் பெரிய கோயிலான மஹாதாட், கடைசியில் அருங்காட்சியகம்.

இந்தச் சாலையில் சொங்தேவ் ஓடிக்கொண்டே இருக்கும். பின்புறம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி, நம் ஷேர் ஆட்டோ கணக்குதான். கை காட்டி நிறுத்தி ஏறுங்கள், இறங்க மணியை அழுத்துங்கள், இறங்கியபின் முன்னால் போய் ஓட்டுநரிடம் காசு கொடுங்கள். பத்து பாட் காசுகளும் இருபது பாட் நோட்டுகளும் கையில் இருக்கட்டும், ஆயிரம் பாட் நோட்டை நீட்டாதீர்கள். இருட்டியதும் வண்டி குறைந்துவிடும். தங்குமிடத்தை ரயில் நிலையத்தை ஒட்டி எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம். மஹாதாட் பக்கம் எடுத்தால் காலை அழகாக இருக்கும், இரவு வெறிச்சோடிவிடும். ஒரு இரவுக்கு மேல் என்றால் நிலையப் பக்கமே நல்லது.

பணத்தை பாங்காக்கில் மாற்றிக்கொண்டு வாருங்கள். இங்கே ரூபாய் நோட்டுக்கு மதிப்பே கிடையாது. வெளிநாட்டுக் கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், அது போக நம் வங்கியின் பங்கு வேறு. எடுப்பதை ஒரே முறையாக எடுங்கள்.

சனிக்கிழமை: தெற்கிலிருந்து வடக்கே

வெயிலை நினைத்துத்தான் இந்த வரிசை. காலை எட்டு மணிக்கே வாட் பிரா மஹாதாட் போய்விடுங்கள். கோயில் வாசல் சாலையைப் பார்த்துக் கிழக்கே இருப்பதால் காலை வெளிச்சம் சேதியத்தின் முகத்தில் நேராக விழும்; பத்து மணிக்கு மேல் கல் தரை காலைச் சுடும். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதால் மெல்லிய சாக்ஸ் ஒன்று பையில் இருந்தால் புத்திசாலித்தனம். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், வேட்டி கட்டிப் போனாலும் சரி. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. அவர்கள் கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. உட்காரும்போது புத்தர் பக்கம் காலை நீட்டாதீர்கள்.

உள்ளே நடுநாயகமாக நிற்பது இலங்கை பாணி மணி வடிவச் சேதியம். உச்சியில் தங்கத் தகடு. 2012 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற இடம். சுற்றிலும் காடு போலச் சின்னச் சேதியங்கள், நூற்றுக்கு மேல். பெரிய சேதியத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு நம்பிக்கை. வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். சுற்றிலும் இவ்வளவு கட்டடம் நெருக்கியடித்தால் நிழல் எங்கே தரையைத் தொடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் மண்டபத்துக்குள் போங்கள். சேதியத்தின் அடியிலிருந்து யானைத் தலைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், இடையிடையே புத்தர் சிலைகள். அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு இருக்கும் மண்டபம்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம். சித்தார்த்தன் குதிரையேறி அரண்மனையை விட்டுக் கிளம்பும் காட்சி சுதைச் சிற்பமாகப் படியின் இரு பக்கமும் இருக்கிறது. மேலே கதவருகே காவலுக்கு இரண்டு தெய்வங்கள்: தாவ் கத்துக்கம், தாவ் ராமதேப். முதல் பெயர் இலங்கைக் கதிர்காமத்திலிருந்து வந்தது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. கதிர்காமக் கந்தன் இங்கே வாயிற்காப்போனாக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் காட்சியே வேறு. இந்த இரண்டு பெயரும் சேர்ந்த 'ஜதுகம் ராமதேப்' தாயத்துக்கு 2006, 2007 வாக்கில் தாய்லாந்து முழுக்க வெறி பிடித்தது. அன்று பெரும் விலைக்குப் போன வட்டத் தாயத்துகள் இன்று கடைகளில் குவியலாகக் கிடக்கின்றன. நினைவுக்கு ஒன்று வாங்கலாம். முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பக்கத்தில் இருக்கும் விகான் லுவாங் என்ற பெரிய மண்டபத்தைப் பலர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். உள்ளே போய் நடுவில் நின்று தூண்களைக் கவனியுங்கள்: எல்லாம் உட்புறமாகச் சாய்ந்திருக்கும். கட்டடம் சரியவில்லை, அயுத்தயா காலத்து முறை அது. மொத்தத்தில் கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம்.

வெளியே வந்ததும் வாசலில் சின்னக் கூடைகளோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் 'மங்குட் காட்' இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்காத மங்குஸ்தானைத் தோல் சீவி, குச்சியில் நாலைந்தாகக் குத்தி விற்பார்கள். சீவும் வேலை கஷ்டம். காயின் மஞ்சள் பால் பட்டால் சதை கறுத்துவிடும், அதனால் தண்ணீருக்குள் வைத்தே சீவி, உப்பும் படிகாரமும் போட்ட நீரில் ஊறவைப்பார்கள். நல்லது வெள்ளை வெளேரென்று இருக்கும், கடித்தால் நறுக்கென்று உடையும், புளிப்பு முன்னால் வந்து இனிப்பு பின்னால் வரும். கொட்டையும் இளசு, துப்ப வேண்டாம். ஓரம் பழுப்பேறியிருந்தால் காலையிலிருந்து கிடப்பது. சீசன் முற்றி எல்லாம் பழுத்துவிட்டால் இது கிடைக்காது.

அடுத்தது அருங்காட்சியகம், இன்னும் தெற்கே ஒரு கிலோமீட்டருக்குள். 1974ல் திறந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தை ரசித்தவர்களுக்கு இங்கே இரண்டு மணி நேரம் போதாது. சங்கை இடுப்பில் வைத்திருக்கும் மிகப் பழைய விஷ்ணு சிலை, பிராமணச் சன்னதிகளின் மூல வெண்கலங்கள், லிங்கங்கள், வெண்கல முரசு எல்லாம் கீழ்த்தளக் காட்சிகளிலேயே வந்துவிடும். இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தக்குவாபா தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலம். அவன் பட்டப்பெயரால் 'அவனிநாரணம்' என்று ஒரு குளம் வெட்டியதையும் அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதையும் சொல்கிறது. காட்சிப் பொருட்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், அதனால் உள்ளே நுழைந்ததும் கல்வெட்டின் படத்தை மொபைலில் காட்டிப் பணியாளரிடம் கேளுங்கள். கல் சிதைந்திருக்கும், எழுத்தும் இன்றைய வடிவம் இல்லை. கல்வெட்டின் வாசகத்தை முன்பே தேடிச் சேமித்துக்கொண்டு போனால்தான் எழுத்துக்கூட்டிப் பார்க்க முடியும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி; 150 பாட் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும் வரை சி தம்மசோக் சாலை மூன்றாவது சந்தில் உள்ள தோல்பாவை வீட்டில் இருக்கலாம். தேசியக் கலைஞர் பட்டம் பெற்ற சுச்சார்ட் சப்சின் உருவாக்கிய இடம். அவர் 2015ல் மறைந்தார், குடும்பம் தொடர்ந்து நடத்துகிறது. மேலே பழைய பாவைகளின் காட்சி, கீழே தோல் வெட்டும் இடம், பின்னால் சின்ன மேடை. ஆள் சேர்ந்தால் சிறிய ஆட்டம் காட்டுவார்கள். இரண்டே பேர் போனால் கொஞ்சம் காத்திருந்து இன்னும் நாலு பேர் வரட்டும். 'நாங் தலுங்' என்ற இந்தக் கூத்தில் முதலில் ரிஷி வருவார், அடுத்து காளை மேல் சிவன். மொழி புரியாவிட்டாலும் அதுவரைக்கும் நமக்கு விளக்கம் தேவைப்படாது. அப்புறம் வரும் தேங், நூ நுய் என்ற கோமாளிகள் பேசுவது தெற்கத்தித் தாய் மொழி; பாங்காக்காரருக்கே பாதிதான் புரியும்.

பாவை வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல தோல் கண்ணாடி மாதிரி ஒளி விடும், வண்ணம் இரு பக்கமும் தெரியும். உளியால் குத்திய துளைகளின் ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் மாட்டுத்தோல், சிவன் பாவை வாங்கிப் பூஜையறையில் மாட்ட நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சுருட்டி எடுத்து வந்தால் நிமிராது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

நாலு மணிக்கு மேல் வடக்கே நடந்தால் சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே ஹோ பிரா ஈசுவானும் ஹோ பிரா நாராயும், அதாவது ஈசன் சன்னதியும் நாராயணன் சன்னதியும். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இரண்டும் சின்னக் கட்டடங்கள். ஈசன் பக்கம் லிங்கமும், வெளியே சிவப்பு ஊஞ்சல் தூணும். பாங்காக்கின் ராட்சத ஊஞ்சலுக்குத் தம்பி அது. இந்த ஊஞ்சல் சடங்கு நடந்த திரியம்பவாய் விழாவில் தாய்லாந்து பிராமணர்கள் ஓதியது நம் திருவெம்பாவையின் சிதைந்த வடிவம்தான். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மார்கழியில் மயிலாப்பூர் வீதிகளில் பாட்டுக் கேட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள்.

கோட்டைச் சுவரையும் நகர்த் தூணையும் வண்டியில் போகும்போதே பார்த்தால் போதும். மாலை ஆறு மணிக்கு மறுபடி மஹாதாட் வாசலுக்கு, சந்தைக்கு.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தாய்லாந்திலேயே இதைவிட நல்ல ஊர் சொல்வது கடினம். மஞ்சளும் பச்சை மிளகாயும் தூக்கலான புளிப்பு மீன் குழம்பு கேங் லுவாங். மீன் குடலை உப்பில் ஊறவைத்துச் செய்யும் கேங் தாய் ப்லா. வாசனை முகத்தில் அறையும், சோற்றில் ஒரு கரண்டிக்கு மேல் போடாதீர்கள். தண்ணீர் வற்ற வறுத்த கறி குவா க்ளிங். காரம் ஆந்திரா மெஸ்ஸுக்குச் சளைக்காது. காலையில் கனோம் ஜீன், அரிசி நூடுல்ஸ் மேல் குழம்பு ஊற்றித் தருவார்கள். கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சைக் கீரையும் காயும் ஊறுகாயும் வரும். அதற்குத் தனிக் காசு இல்லை, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்.

சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தாய்லாந்தில் 'மங்சவிராட்' என்று சொன்னால் கறி போடாமல் மீன் சாஸ் ஊற்றித் தருவார்கள். அது தவறு என்று அவர்களுக்குத் தோன்றாது. 'கின் ஜே' என்று சொல்லுங்கள். 'ஜே' என்றால் மீன் சாஸ், இறால் விழுது, முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டு, வெங்காயமும் இல்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள கடைகள் இந்த வகை. காலையில் திறந்து மதியம் இரண்டு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும், அதனால் பகல் உணவை முதலில் முடிவு செய்துகொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள். சாதாரணக் கடையில் என்றால் 'மாய் சாய் நாம் ப்லா, மாய் சாய் கபி' என்று கேளுங்கள், மீன் சாஸும் இறால் விழுதும் வேண்டாம் என்று பொருள். ஆனால் தெற்கத்திக் குழம்பு எதிலும் மசாலா அரைக்கும்போதே இறால் விழுது சேர்ந்துவிடும். ஆர்டர் சொன்னபின் எடுக்க முடியாது. குழம்பை விட்டுவிட்டு, அப்போது வதக்கித் தரும் காய்களை மட்டும் கேளுங்கள்.

காவ் யாம் என்ற சோற்றுக் கலவையைப் பார்த்தால் சைவம் போலத்தான் இருக்கும்: துருவிய தேங்காய், எலுமிச்சைப் புல், நாரத்தை இலை மாதிரி ஒன்று, மாங்காய், முளைப்பயறு. மேலே ஊற்றுவது மீனைப் புளிக்கவைத்த சாஸ், தூவுவது காய்ந்த இறால் பொடி. இரண்டையும் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். இரவு முஸ்லிம் கடைகளில் ரொட்டியும் டீயும் கிடைக்கும். 'மாய் சாய் காய்' என்றால் முட்டை இல்லாமல் தட்டிப் போடுவார்கள். வெறும் சோறு எங்கும் கிடைக்கும். வயதானவர்களோடு போனால் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருக்கட்டும்.

துவான் சிப் சமயத்தில் போனால் கனோம் லா பார்க்காமல் வராதீர்கள். துளையிட்ட டப்பாவில் அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, எண்ணெய் தடவிய சட்டியின் மேல் வட்டமாகச் சுழற்றுவார்கள். நூல் நூலாக விழுந்து ஒரு நொடியில் வலையாகும், அப்படியே மடித்து எடுத்துவிடுவார்கள். இது முன்னோருக்கு உடுக்கத் துணி என்று கணக்கு. எண்ணெயோடு முட்டை மஞ்சள்கருவும் தடவுவார்கள், தெரிந்து சாப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: இரண்டில் ஒன்று

மலையா கடலா என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டும் முயன்றால் வேனில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

மலை என்றால் கீரிவோங். தெற்குத் தாய்லாந்தின் உயரமான காவ் லுவாங் மலையடியில், லான் சகா வட்டத்தில் இருக்கும் கிராமம். ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு. தெளிந்த ஓடை, மங்குஸ்தானும் துரியனும் கலந்த தோப்பு, வாடகை சைக்கிள். மங்குஸ்தான் இலை, பலாக்கட்டை போன்றவற்றில் சாயம் எடுத்துத் துணிக்கு முடிச்சுச் சாயம் போடும் பெண்கள் குழுக்களும் உண்டு. 1988 நவம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கக் கிராமங்கள் பெரிதும் அடிபட்டன. வெட்டிப் போட்ட மரங்களும் மண்ணும் மலையிலிருந்து இறங்கி ஊர்களை மூடியதைத் தொடர்ந்துதான் 1989ல் தாய்லாந்து காடு வெட்டும் குத்தகைகளை நிறுத்தியது. சொங்தேவில் போகலாம், திரும்பும் வண்டி பிற்பகலில் குறைந்துவிடும். இறங்கும்போதே கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் சட்டென்று ஏறும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள்.

கடல் என்றால் வடக்கே நூறு கிலோமீட்டர் அளவில் கனோம் என்ற கடற்கரை ஊர், இளஞ்சிவப்பு டால்பின்களுக்காக. பிறக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும் இந்த டால்பின்கள் வளர வளர நிறம் வெளுத்து, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். பிரதாப் முனையிலிருந்து படகு. வாடகை ஆளுக்கல்ல, படகுக்கு. நாலு பேர் சேர்ந்தால் லாபம். காலை ஏழு மணிக்குக் கடல் அமைதியாக இருக்கும்போது பார்ப்பதுதான் நிச்சயம். பத்துக்கு மேல் அலையிலும் கண்கூசும் வெளிச்சத்திலும் முதுகுத் துடுப்பை அடையாளம் காண முடியாது. ஆகவே சனி இரவே கனோம் போய்த் தங்குவது அல்லது விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்புவது, வேறு வழியில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த யோசனையே வேண்டாம்.

கனோமிலிருந்து திரும்பும் வழியில் சிச்சோன் வட்டத்தில் வாட் சேதி. 'ஐ காய்' என்ற சிறுவன் ஆவிக்கு வேண்டுதல் வைக்கும் இடம். வேண்டியது நடந்தால் சேவல் பொம்மை வைத்துப் பட்டாசு கொளுத்துவார்கள். பெரிதும் சிறிதுமாக ஆயிரக்கணக்கில் சேவல்கள் நிற்கும் காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது. பட்டாசு நம் தீபாவளி சரத்தைவிட நீளம், நாள் முழுக்க வெடிக்கும். கைக்குழந்தையோடு உள்ளே போகாதீர்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள், சென்னை ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கும்போது அதில் இருசக்கர வாகனத்துக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் பழகுவது சுலபம். முத்திரை இல்லாமல் விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீடு கைகொடுக்காது. உத்தரவாதத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கேட்கும் கடையில் எடுக்காதீர்கள், பணமாக டெபாசிட் வாங்கும் கடையைத் தேடுங்கள்.

வாங்குவது

நா முவாங் திடலுக்குப் பின்னால் தா சாங் சாலை. நகோனின் பெயர் பெற்ற 'க்ருவாங் தோம்' வேலைப்பாடு இங்கேதான்: வெள்ளியில் கோலம் செதுக்கி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்த கறுப்புக் கலவையை உருக்கி நிரப்பி, தேய்த்துச் சமமாக்குவார்கள். ஒரே மாதிரி இரண்டு மோதிரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அச்சில் அடித்தது, லேசாக வேறுபட்டால் கையால் செதுக்கியது. விலை வித்தியாசம் பல மடங்கு என்பதால் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கிவிடாதீர்கள், மென்மையான துணியால் துடைத்தால் போதும். பக்கத்துக் கடைகளில் 'யான் லிபாவ்' என்ற கொடிப் பெரணியின் தண்டில் பின்னிய கைப்பைகள். பின்னல் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு விலை. சின்னதே பல ஆயிரம் பாட் சொன்னால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

புத்தர் சிலை வாங்க ஆசைப்பட்டால் நிதானியுங்கள். தாய்லாந்திலிருந்து புத்தர் உருவங்களை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கழுத்தில் அணியும் சிறிய தாயத்துக்குக் கேட்பதில்லை, மேஜை மேல் வைக்கும் சிலைக்குக் கேட்பார்கள். அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் கடையில், பணம் கொடுக்கும் முன்பே எத்தனை நாள் ஆகும், தாளை எப்படி அனுப்புவார்கள் என்று எழுதி வாங்குங்கள். திங்கட்கிழமை கிளம்புகிறவருக்கு அது நேரத்துக்கு வந்து சேராது.